அடைமழை முதல் மாசி எல்கை வரை: கடலோர வீட்டில் வண்டிக்குதிரை வைத்திருப்பவர்களுக்கு

இராமநாதபுரம் கடலோரத்தில் குதிரையைக் கெடுப்பது குளிர் இல்லை, ஈரம். பாம்பன், மண்டபம் பக்கம் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். உடம்பு காய்ந்திருந்தால் 10 டிகிரியையும் குதிரை சமாளிக்கும். நமக்குக் குளிர்கிறதே என்று முதுகில் சாக்கைப் போட்டுவிடுகிறோம். அது மழையில் நனைந்து, காயாமல், இரவெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ரோமத்துக்கு அடியில் பொருக்குப் பொருக்காகப் புண் வருவது அப்படித்தான். ஈரச் சாக்கு போடுவதைவிட ஒன்றும் போடாமல் விடுவது மேல்.

தை பிறந்த பிறகு குதிரையைத் தயார் செய்யலாம் என்று இருந்தால் மாசிக் களரித் திருவிழாவின் எல்கைப் பந்தயத்தை, அதாவது எல்லையைத் தொட்டுத் திரும்பும் குதிரைவண்டிப் பந்தயத்தை, வேடிக்கைதான் பார்க்கலாம். வேலை ஐப்பசியில், முதல் மழைக்கு முன்பே கொட்டிலில் தொடங்குகிறது.

கொட்டில்

இங்கே மழையும் வாடையும் வடகிழக்கிலிருந்து வருகின்றன. கொட்டிலின் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் ஐந்தடிச் சுவரோ இறுக்கமாகக் கட்டிய ஓலைத் தட்டியோ வேண்டும். தெற்குப் பக்கம் திறந்திருக்கட்டும். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டுவதுதான் பலரும் செய்கிற தவறு. மூத்திர ஆவி வெளியேற வழியில்லாமல் குதிரை இரும ஆரம்பிக்கும். விடியற்காலையில் உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கண் எரிந்தால் காற்று போதவில்லை. நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. குதிரை படுக்கும்போது அதன் மூக்கு இருக்கும் உயரத்தில் பார்க்க வேண்டும்.

சின்னக் குதிரைக்குப் பத்துக்குப் பத்தடி, பெரிய குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. தரை வெளி மட்டத்தைவிட ஒன்றேகால் அடி உயர்ந்திருக்க வேண்டும்; பத்தடிக்கு இரண்டரை அங்குலம் பின்பக்கமாகச் சரிய வேண்டும். செம்மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே நான்கு அங்குலம் தென்னை நார்த்தூளோ காய்ந்த வைக்கோலோ பரப்புங்கள். கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மார்கழிப் பனியில் காயவே காயாது. மூத்திரம் நனைத்த இடத்தைத் தினம் இரண்டு முறை வெட்டி எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பை மெல்லத் தூவி, அதன்மேல் புதுப் படுக்கையை மூடுங்கள். சுண்ணாம்பு நேராகக் குளம்பில் படக் கூடாது.

கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் போடுவது வழக்கம். குதிரையை வெளியே கட்டிவிட்டு இருபது நிமிடம் மூட்டம் போட்டு, புகை கலைந்த பிறகு உள்ளே விடுங்கள். பந்தயக் குதிரைக்கு நுரையீரல்தான் முதல். அதே காரணத்துக்காக, தை கடைசியில் முண்டு மிளகாய் மூட்டை வீட்டுக்கு வந்தால் அதைக் கொட்டிலில் அடுக்காதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய்தான், குழம்புக்கு அருமையானதும்கூட. அதன் தூசி குதிரையின் மூக்குக்கு ஆகாது.

தீனியும் தண்ணீரும்

முதலில் எடை தெரிய வேண்டும். தராசு வேண்டாம், துணி தைக்கிற டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தோள்முனையிலிருந்து பின்தொடை முனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 150 செ.மீ., நீளம் 130 செ.மீ. என்றால் சுமார் 246 கிலோ. கீழே சொல்லும் அளவெல்லாம் 250 கிலோக் குதிரைக்கு. உங்கள் குதிரைக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த தீவனம் தினம் 4 முதல் 5 கிலோ. அதில் வைக்கோல் பாதிக்கு மேல் வேண்டாம். வயிறு நிறையும், சத்து இராது. தண்ணீர் குறைவாகக் குடிக்கிற நாளில் குடலில் அடைத்துக்கொள்ளவும் செய்யும். மீதிக்கு நிலக்கடலைக் கொடி, காய்ந்த புல். கார்த்திகை மழைக்குப் பிறகு கண்மாய்க் கரையிலும் வரப்பிலும் அறுகு தழைத்து நிற்கும். இந்தக் கரையில் குதிரைக்கு அதைவிட நல்ல பச்சைத் தீவனம் இல்லை. வெட்டியதும் தண்ணீரை உதறி அரை நாள் நிழலில் வாட்டிக் கொடுங்கள். முதல் நாள் ஒரு கைப்பிடி கட்டு, பத்து நாளில் முழு அளவு என்று ஏற்றுங்கள். திடீரென்று பச்சை மாற்றினால் கழிச்சலும் வயிற்று வலியும் வரும்.

தையில் அறுவடை முடிந்ததும் புது வைக்கோல் வரும். ஈரத்தோடு போர் போட்டிருந்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடித்திருக்கும். கட்டைப் பிரித்துக் கையை உள்ளே விடுங்கள். சூடாகவோ முடைநாற்றமாகவோ இருந்தால் அந்தக் கட்டு எருக்குழிக்கு. கடலைப் புண்ணாக்கும் அப்படித்தான். மழைக்காலத்தில் நொறுக்கிப் பார்த்துப் பச்சையோ கறுப்போ தெரிந்தால் தொடாதீர்கள். அந்தப் பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

கொள்ளை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மசிய வேகவைத்து, ஆறவிட்டுக் கொடுங்கள். காலையில் வேகவைத்தது சாயங்காலம் புளித்திருந்தால் வீட்டு நாய்கூடச் சீந்தாது, குதிரைக்கு எதற்கு? கொள்ளோ, உடைத்த கம்போ, கொண்டைக்கடலையோ எதுவானாலும் ஒரு வேளைக்குக் காய்ந்த எடையில் 600 கிராமுக்கு மேல் போகக் கூடாது. வேலை செய்கிற குதிரைக்கு அப்படி இரண்டு வேளை, கடும் பயிற்சி நாளில் இரண்டரை. தவிட்டை மட்டும் நம்பி வளர்க்காதீர்கள். அதில் மணிச்சத்து அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பு இளகி முகம் வீங்கும்.

மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பார்த்துவிட்டு ஒன்று எழுதி வைத்தார். பாண்டியர்கள் அரபு நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், அவற்றுக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் போடுகிறார்கள், பார்க்கத் தெரிந்த ஆளில்லாமல் வருஷா வருஷம் சாகவிடுகிறார்கள் என்று. எழுநூறு ஆண்டு ஆகியும் மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு ஊட்டிய கையோடு குதிரைக்கும் ஒரு சட்டிச் சர்க்கரைப் பொங்கலை நீட்டுகிறோம். மாட்டுக்கு நாலு அறை வயிறு. குதிரைக்கு ஒன்றுதான், அதுவும் சின்னது. போதாக்குறைக்கு அதனால் வாந்தி எடுக்க முடியாது. சாஸ்திரத்துக்கு இரண்டு விரல் எடுத்து உதட்டில் தடவுங்கள், போதும். தோல் சீவிய கரும்பு அரை அடி கொடுக்கலாம்.

தண்ணீர் தினம் 12 முதல் 20 லிட்டர். பனிக்காலத்தில் குதிரை தானாகவே குறைவாகக் குடிக்கும். அந்தக் குறைவுதான் மார்கழி வயிற்று வலிக்கு மூல காரணம். காலையில் குளிர்ந்த தொட்டித் தண்ணீரைக் காட்டாமல் வெதுவெதுப்பாக ஒரு வாளி வையுங்கள், உறிஞ்சிவிடும். மழை பெய்ததும் உவர்க் கிணறு இனிக்கும், ஊருணி நிறையும்; தண்ணீரின் ருசி மாறினாலும் சில குதிரைகள் இரண்டு நாள் முரண்டு பிடிக்கும். பழைய தண்ணீரையும் புதியதையும் பாதிப் பாதி கலந்து பழக்குங்கள். உப்பு தினம் 25 கிராம், கொள்ளோடு கலந்து. வாலிநோக்கத்தில் உப்பளத்தை வைத்துக்கொண்டு குதிரைக்கு உப்பு மறக்கிற வீடுகள் இருக்கின்றன. வியர்க்க ஓடிய நாளில் அளவை இரட்டிப்பாக்குங்கள்.

மணலும் சீமைக் கருவேலமும்

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு தொல்லைகள் இவை. தீவனத்தைத் தரையில் போட்டால் குதிரை ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் மணலை விழுங்கும். அது பெருங்குடலில் படிந்து, ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். தீவனத்தைத் தொட்டியில் போடுங்கள், தொட்டிக்கு அடியில் பழைய ரப்பர் பாய் விரியுங்கள். மாதம் ஒருமுறை சோதிக்க: தரையில் படாத சாண உருண்டை ஆறு எடுத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கால் மணி நேரம் வையுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் தங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். இசப்கோல் உமியை எவ்வளவு, எத்தனை நாள் என்று அவர் சொல்வார்.

சீமைக் கருவேல நெற்று இனிக்கும். அவிழ்த்துவிட்ட குதிரை கூடை கூடையாகத் தின்னும், குடல் அடைக்கும். முள் வேறு. குளம்பின் அடியில், நடுவில் முக்கோணமாக ரப்பர் போல இருக்கிற இடத்தில் ஏறிவிட்டால் நுனி உள்ளேயே முறிந்துவிடும். பிடுங்குவதற்கு முன் எந்த இடம், எந்தக் கோணம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிடுங்கி உப்பு வெந்நீரில் கழுவி, பொவிடோன் அயோடின் ஊற்றி, அன்றே ஊசி போடுங்கள். தனுர்வாதம் தாக்கினால் குதிரை பிழைப்பது அரிது. முதல் முறை ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு வருஷத்துக்கு ஒன்று போட்டு வைத்திருந்தால் பதற வேண்டியதில்லை.

மழை மாதங்களில் குளம்பைத் தினம் இரண்டு வேளை கொக்கியால் சுரண்டுங்கள். அந்த முக்கோணத்தின் ஓரப் பள்ளங்களில் கறுப்பாக, நாறுகிற பிசின் தெரிந்தால் குளம்பு அழுக ஆரம்பித்துவிட்டது. கழுவி, துணியால் ஒற்றி நன்றாகக் காயவைத்து, ஒரு வாரம் தினமும் அயோடின். கழிவு ஆயில் பூசுகிறவர்கள் உண்டு. அது ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதுதான், மருந்து இல்லை. லாடம் ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பந்தயத்துக்கு முதல் நாள் அடிக்காதீர்கள். ஒரு ஆணி சதையை ஒட்டி இறங்கினாலும் மறுநாள் நொண்டும். ஏழெட்டு நாள் முன்பே அடித்துவிட்டால் குறை தெரிந்து சரிசெய்ய நேரம் இருக்கும்.

மழை விட்ட நாளின் ஆபத்து

நல்ல குதிரைகள் வீணாவது இந்த இடத்தில்தான், அதனால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நான்கு நாள் அடைமழை. குதிரை கொட்டிலிலேயே நிற்கிறது. தீனி மட்டும் வழக்கம்போல முழு அளவு. ஐந்தாம் நாள் வெயில் எட்டிப் பார்த்ததும், ஆசையாக வண்டியில் பூட்டி விரட்டுகிறோம். அரைக் கல் போவதற்குள் பின்தொடை கல்லாக இறுகும், வியர்வை கொட்டும், அடியெடுத்து வைக்காது, மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். தசை இறுகிச் சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிற நோய் இது. அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நடத்தி வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். அவிழ்த்து, தண்ணீர் காட்டி, மருத்துவரை அங்கேயே வரவழையுங்கள்.

வராமல் தடுப்பது சுலபம். வேலை இல்லாத நாளில் கொள்ளை மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள், அந்த இடத்தைப் புல்லால் நிரப்புங்கள். தூறலானாலும் கயிற்றைப் பிடித்து இருபது நிமிடம் இரண்டு வேளை நடத்துங்கள். மழை விட்ட முதல் நாள் வெறும் நடை. இரண்டாம் நாள் பாதி வேலை. மூன்றாம் நாள்தான் பழைய அளவுக்கு வர வேண்டும்.

பத்து வாரக் கணக்கு

கார்த்திகைப் பாதியில் தொடங்கினால் மாசி முதல் வாரத்துக்குத் தயாராகும். நான்கு வயது தாண்டிய, நொண்டாத குதிரைக்கான கணக்கு இது. ஓட்டம் வாரத்துக்கு ஐந்து நாள் போதும். மீதி இரண்டு நாளும் கையில் பிடித்து நடை.

முதல் இரண்டு வாரம் அரை மணி முதல் நாற்பது நிமிடம் நடை, வண்டி இல்லாமல். மூன்று, நான்காம் வாரத்தில் ஒரு மணி நேரம்; நடைக்கு நடுவே மூன்று மூன்று நிமிடமாக நாலு முறை ஓட்டம். ஐந்திலிருந்து வண்டி பூட்டி ஆறு முதல் எட்டு கிலோமீட்டர், பத்து நிமிட ஓட்டம் இரண்டு மூன்று முறை. ஏழு, எட்டில் வாரம் இருமுறை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், வாரம் ஒருமுறை மட்டும் 500 மீட்டர் வேகம் மூன்று தடவை. ஒன்பதாம் வாரம் பந்தய தூரத்தை ஒரே ஒரு முறை முக்கால் வேகத்தில். போகவர 6 மைல் என்றால் 9.7 கிலோமீட்டர், 8 மைல் என்றால் 12.9. பத்தாம் வாரம் எல்லாம் பாதி.

மூச்சும் இதயமும் ஆறு வாரத்தில் தேறிவிடும். காலின் நரம்பும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் தேறாது. ஐந்தாம் வாரத்தில் குதிரை துள்ளுகிறது என்று வேகத்தையும் தூரத்தையும் சேர்த்து ஏற்றினால் முன்னங்கால் பின்நரம்பு வீங்கும். அதோடு அந்த வருஷம் போச்சு. ஒரு வாரத்தில் ஒன்றைத்தான் ஏற்ற வேண்டும். தினமும் காலையில் பூட்டுவதற்கு முன் நாலு காலையும் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் சூடு தெரிந்தால் அன்று வண்டி கிடையாது.

எங்கே ஓட்டுவது? வாடை வீசும்போது தொண்டி, தேவிபட்டினம் பக்கக் கடல் கொந்தளிக்கும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் அடங்கியிருக்கும். தெற்குக் கரையில் தண்ணீர் வற்றி இறங்கிய ஈரமணல் பட்டை நல்ல தளம். குளம்பு ஓர் அங்குலத்துக்குமேல் புதையாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டு உலர்மணலில் ஓடவிட்டால் நரம்பு இழுபடும். பந்தயம் என்னவோ தார்ச்சாலையில்தான் நடக்கும். அதனால் ஏழாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் தார்ச்சாலையிலும் பழக்குங்கள். கடல் தண்ணீரில் முழங்கால் அளவுக்குப் பத்து நிமிடம் நிறுத்துவது காலுக்கு இதம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் சேண வார் படுகிற இடமெல்லாம் உப்பு அரித்துப் புண்ணாகும்.

ஓடி முடித்துப் பத்து நிமிடம் கழித்து, தாடை எலும்பின் அடியில் விரல் வைத்து நாடி பாருங்கள். நிமிடத்துக்கு 64-க்குள் இறங்கியிருந்தால் அந்த வேலைக்குக் குதிரை பழகிவிட்டது. இறங்காவிட்டால் முந்தின வார அளவுக்குத் திரும்புங்கள்.

சேணத்தோல் மழையில் பூஞ்சணம் பிடிக்கும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெயை மெல்லத் தேய்க்கவும். வெயிலில் காயவைத்த தோல் வெடிக்கும். உப்புக் காற்றில் இரும்புக் கொக்கி இற்றுப்போகும், பித்தளை தாங்கும். சக்கர பேரிங்கைக் கழற்றி, கிரீஸ் மாற்றி, பந்தயத்துக்கு முந்தின வாரமே பூட்டிவிடுங்கள்.

காய்ச்சல், வயிற்று வலி, புயல்

உடல் சூடு 37.5 முதல் 38.5 டிகிரி, ஓய்வில் நாடி 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. இதைக் கொட்டில் கதவில் எழுதி ஒட்டுங்கள். மழைக்குப் பின் பெரிய கடிஈக்கள் பெருகும், அவை சர்ரா நோயைப் பரப்பும். விட்டுவிட்டுக் காய்ச்சல், தின்றும் இளைப்பது, கால்களிலும் அடிவயிற்றிலும் நீர் கோப்பது அதன் அடையாளம். இரத்தம் சோதித்துத்தான் மருந்து.

வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது, தரையைப் பிறாண்டுவது, படுத்துப் புரள்வது, சாணம் போடாதது: வயிற்று வலி. தீவனத்தை எடுத்துவிடுங்கள், பத்து நிமிடம் மெல்ல நடத்துங்கள், கால்நடை அவசர உதவி எண் 1962-ஐ அழையுங்கள். நாடி 60-க்கு மேல் என்றால் அதைப் போனிலேயே சொல்லுங்கள். மூங்கில் கொட்டத்தாலோ பாட்டிலாலோ எண்ணெயைத் தொண்டையில் ஊற்றவே கூடாது. நுரையீரலுக்குள் போய்விட்டால் வலிக்குப் பதில் சளிக்காய்ச்சலில் சாகும்.

புயல் எச்சரிக்கை வந்தால் மூன்று நாள் காய்ந்த தீவனத்தை மேட்டில் மூடி வையுங்கள், 60 லிட்டர் தண்ணீர் பிடித்து வையுங்கள். ஓலைக் கொட்டிலில் கட்டிப் போடாதீர்கள். காற்று ஏறுவதற்கு முன், பகலிலேயே கடற்கரையை விட்டு உள்ளே ஒரு கெட்டிக் கட்டடத்துக்கு நடத்திச் செல்லுங்கள். 1964 டிசம்பர் தனுஷ்கோடி ராத்திரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பந்தய வாரம்

நோட்டீஸ் கைக்கு வந்ததும் பரிசுத் தொகைக்கு முன்னால் விதியைப் படியுங்கள். பெரிய குதிரை, நடுக்குதிரை, சின்னக் குதிரை என்பதில் எது உங்களுடையது, எத்தனை மைல், கொடிப் பரிசு எந்த இடத்தில், நாலுகால் பாய்ச்சலுக்குத் தடை உண்டா, பின்சாரதி (வண்டியில் பின்னால் வரும் துணை ஆள்) இறங்கி ஓடலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். மாவட்ட நிர்வாகமும் போலீசும் அனுமதித்த பந்தயம்தானா என்று கமிட்டியிடம் கேளுங்கள். பல ஊர்க் குதிரை ஒன்று சேரும் இடம் என்பதால் கிளாண்டர்ஸ் சோதனை முடித்திருப்பது நல்லது. அது மனிதருக்கும் தொற்றும்; மருந்தில்லாத குதிரை நோய். வாளி, தீவனத் தொட்டி, கடிவாளம் மூன்றையும் அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். முள் வைத்த கம்பும் முள் கடிவாளமும், வண்டி இழுக்கும் விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி குற்றம். சாராயம் ஊற்றி ஓட்டுகிற கூட்டத்தின் பக்கமே போக வேண்டாம்.

முந்தின நாள் சாயங்காலமே ஊருக்குப் போய்ச் சேருங்கள். குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டியின் பக்கப் பலகைகளில் வைக்கோல் மெத்தை கட்டி, அடியில் மணல் பரப்பி, தலைக்கயிறு கழுத்து அசையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். வீட்டுத் தண்ணீரை இரண்டு கேனில் எடுத்துப் போங்கள். பந்தயம் காலை ஏழு மணி என்றால் கொள்ளு மூன்று மணிக்கு, அதுவும் பாதி அளவு. புல் ஐந்து மணி வரை கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரை நிறுத்தவே வேண்டாம்; பூட்டும் நேரம் வரை கேட்டால் கொடுங்கள். பூட்டுவதற்கு முன் இருபது நிமிடம் நடையும் லேசான ஓட்டமும்.

எல்கை தொட்டு வந்ததும் உடனே நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். வண்டியை அவிழ்த்து நடத்துங்கள். சூடாக இருக்கிற குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் செத்துவிடும் என்பது பழைய பயம். இரண்டு இரண்டு லிட்டராக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். கழுத்து, நெஞ்சு, தொடை நடுவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நடத்துங்கள். மூச்சு சீரான பிறகு முதலில் புல், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கொள்ளு. அன்றிரவு மூன்றில் ஒரு பங்குதான். மறுநாள் காலை கொட்டிலிலிருந்து வெளியே வரும் முதல் பத்து அடியைப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு காலைத் தாங்கி வைத்தால் லாடக்காரரை வரச் சொல்லுங்கள், அடுத்த ஊர் நோட்டீசுக்குப் பதில் சொல்வதை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.